வெளிநாட்டில் இருப்பவர் என்றால் யார்? – வாசகர் கேள்வி பதில்

புலம்பெயர்வு பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பொன்னமராவதிப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. “பையன் வெளிநாட்டில் இருக்கிறான்” என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு வங்கி, வருமான வரி, பத்திரப்பதிவு, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் விடை தேடுகிறார்கள். ஒவ்வொரு அலுவலகமும் அந்தப் பையனை வேறு கணக்கில் வைக்கிறது. எந்தக் கணக்கில் வருகிறான் என்பதைப் பொறுத்தே அவனுக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் பணமும் நிலமும் அமைகின்றன.

வெளிநாட்டில் வாழும் இந்தியர் 1.8 கோடி என்று பாடத்தில் வருகிறது. அரசுத் தரப்பு 3 கோடிக்கு மேல் என்கிறது. எது சரி? மூன்று வருடம் பினாங்கில் இருந்து திரும்பிய எங்கள் பாட்டையா இந்தக் கணக்கில் வருவாரா?
– கல்லூரி மாணவி, தேவகோட்டை

இரண்டும் சரி. எண்ணப்படுகிற ஆட்கள்தான் வேறு. ஐ.நா. புள்ளிவிவரத் துறை பெரும்பாலும் பிறந்த நாட்டைப் பார்க்கிறது. இந்தியாவில் பிறந்து வேறு நாட்டில் வசிப்பவர்கள் 2020இல் சுமார் 1.79 கோடி என்பது அதன் மதிப்பீடு. நம் வெளியுறவு அமைச்சகம் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளியே இருப்பவர்களையும், வேறு நாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினரையும் சேர்த்து எண்ணுகிறது. ஆகவே பினாங்கில் பிறந்து வளர்ந்த மூன்றாம் தலைமுறைத் தமிழர் முதல் கணக்கில் வரமாட்டார், இரண்டாவதில் வருவார்.

பிறந்த இடம் பற்றிய தரவு இல்லாத நாடுகளில் குடியுரிமையை வைத்து எண்ணுகிறார்கள். வளைகுடா நாடுகளில் அப்படித்தான். துபாயிலேயே பிறந்த தமிழ்க் குழந்தை ஓர் ஊரும் மாறாமலே அங்கே ‘குடியேறி’ ஆகிவிடுகிறது. எல்லைக்கோடு நகர்ந்தாலும் இதே கதைதான். 1947இலும், சோவியத் யூனியன் உடைந்த 1991இலும் பலர் இருந்த இடத்திலேயே வெளிநாட்டில் பிறந்தவர்களாக எண்ணப்படலானார்கள்.

ஐ.நா.வின் 1998ஆம் ஆண்டு வரையறைப்படி, வழக்கமாக வசிக்கும் நாட்டை விட்டு இன்னொரு நாட்டில் குறைந்தது 12 மாதம் தங்குகிறவர் நீண்டகாலக் குடியேறி. 3 மாதத்துக்கு மேல் 12 மாதத்துக்குள் என்றால் குறுகியகாலக் குடியேறி. சுற்றுலா, மருத்துவம், வியாபாரப் பேச்சு, தீர்த்த யாத்திரை, உறவினர் வீடு ஆகியவை குறுகியகாலக் கணக்கில் சேராது. மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா போய் ஆறு மாதம் இருந்து வரும் ஆச்சி குடியேறி அல்ல. மூன்று வருடம் இருந்த உங்கள் பாட்டையா இன்றைய வரையறைப்படி நீண்டகாலக் குடியேறியேதான், இங்கே வீடும் குடும்பமும் இருந்தாலும்.

தேர்வில் தவறுதலாக எழுதப்படும் இன்னொரு விஷயம் இருப்பும் ஓட்டமும். இன்றைக்கு ஊரணியில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்பது இருப்பு. இந்த வருடம் எவ்வளவு வந்தது, எவ்வளவு வெளியேறியது என்பது ஓட்டம். உலகில் குடியேறிகள் 2020இல் 28.1 கோடி, 2024இல் 30.4 கோடி என்று சொல்வதெல்லாம் இருப்பு. “இந்த ஆண்டு 30 கோடிப் பேர் குடிபெயர்ந்தார்கள்” என்று எழுதினால் மதிப்பெண் போகும், அர்த்தமும் போகும். அந்த 30.4 கோடியும் உலக மக்கள்தொகையில் 3.7 சதவீதம்தான்.

பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் (வட்டித் தொழில் செய்யப்) போன செட்டியார்களையும் ரப்பர் தோட்டத்துக்குப் போன தொழிலாளர்களையும் புலம்பெயர்ந்தோர் என்ற ஒரே சொல்லால் சொல்வது பொருந்துமா?
– வாசகர், கானாடுகாத்தான்

நாடு மாறியவர்கள் என்ற அளவில் பொருந்தும். அதைத் தாண்டி ஒன்றாகப் பேசக்கூடாது.

செட்டிநாட்டு முறை, ஆய்வாளர்கள் சுழற்சிப் புலம்பெயர்வு என்று சொல்வதற்கு நல்ல உதாரணம். முதலாளி ஊரில் இருப்பார், அல்லது அவ்வப்போது போய்வருவார். சம்பளச் சீட்டு (வேலை ஒப்பந்தம்) எழுதி, கடையை நடத்த மேலாளை அனுப்புவார். பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஆள் ஊர் திரும்புவார், அடுத்த ஆள் போவார். குடும்பம் ஊரிலேயே இருக்கும். மூலதனமும் ஆளும் சேர்ந்து நகர்ந்த பெயர்வு இது.

கூடவே இது சங்கிலித் தொடர்ப் பெயர்வும். கடையில் எடுபிடியாகத் தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகப் போகிறவனுக்கு வேலை, தங்க இடம், சாப்பாடு, கோயில் எல்லாம் முன்னால் போனவர்களால் அமைக்கப்பட்டிருந்தன. கிட்டங்கியும் (கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடம்) தண்டாயுதபாணி கோயிலும் இருந்ததால், போகும் செலவும் போகிற ஊரில் ஏமாறும் ஆபத்தும் குறைந்தன. ஒரு பாதையில் ஆட்கள் போகப் போக அடுத்தவருக்கு அது எளிதாகிறது. ஒரே கிராமத்திலிருந்து ஒரே நாட்டுக்குக் கூட்டம் கூட்டமாகப் போவதற்கு இன்றைக்கும் காரணம் அதுதான்.

தோட்டத் தொழிலாளியின் கதை வேறு. 1834இல் மொரீசியஸுக்குத் தொடங்கிய ஒப்பந்தக் கூலி முறையில் குறித்த காலம் முடியும்வரை வேலையை விட உரிமை கிடையாது, விட்டால் தண்டனை. மலாயாவிலும் இலங்கையிலும் வேரூன்றிய, ஊரில் ஆள் சேர்த்து மேற்பார்க்கும் கங்காணி முறையில் முன்பணமும் கடனும்தான் கட்டு. பஞ்சமும் கடனும் துரத்தியவரை ‘விரும்பிப் போனவர்’ என்று எழுதுவது நியாயமல்ல. விருப்பம், கட்டாயம் என்று இரண்டே அறைகள் வைத்துப் பிரிக்கும் பழக்கத்தைக் கைவிடுவது நல்லது. பெரும்பாலானோர் நடுவில் எங்கேயோ நிற்கிறார்கள்.

பர்மாவில் தள்ளும் காரணியும் இழுக்கும் காரணியும் துலக்கமாகத் தெரியும். 1852 போரில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவில் நெல் சாகுபடி பெருகி, விவசாயிக்குக் கடன் தேவைப்பட்டது. இது இழுப்பு. 1930இல் நெல் விலை விழுந்தபோது கடன் திரும்பவில்லை, ஈடாக வைத்த நிலம் வந்து சேர்ந்தது. 1930களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் பேரில் இருந்தது. வட்டிக்கு விட்டவர்கள் கேட்டு வாங்கிய சொத்தல்ல அது. ஆனாலும் பர்மிய விவசாயிக்கு அது நிலமிழப்பு. வெறுப்பு அங்கிருந்துதான் வளர்ந்தது. அதன்பின் நடந்தது தள்ளல். 1942இல் ஜப்பான் படை வந்ததும் லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே இந்தியா வந்தார்கள். 1962 ராணுவ ஆட்சிக்குப் பின் வந்த தேசியமயம் மீதியை முடித்தது. ஒவ்வொரு பெருக்குக்கும் ஓர் எதிர்ப்பெருக்கு உண்டு என்று புவியியலாளர் ரேவன்ஸ்டைன் 1885இலேயே எழுதியிருக்கிறார்.

1964இல் ரங்கூனிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. எங்களை அகதிகள் என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். இலங்கையிலிருந்து வந்து முகாமில் இருப்பவர்களும் நாங்களும் ஒன்றா?
– வாசகர், காரைக்குடி

சட்டப்படி ஒன்றல்ல. நீங்கள் தாயகம் திரும்பியோர். இந்தியர் என்று ஏற்கப்பட்டு, இந்தியாவால் அழைத்துக்கொள்ளப்பட்டவர்கள். 1964 அக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்த மலையகத் தமிழரும் இதே வகை. அந்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவானது. மீதமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஒருவரைக்கூடக் கேட்காமல் இரண்டு அரசுகள் மக்களைப் பங்கு போட்ட ஒப்பந்தம் அது. ‘தாயகம்’ என்று அனுப்பப்பட்டவர்களில் பலர் அதற்கு முன் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. இவர்களுக்காக 1969இல் தொடங்கியதுதான் ரெப்கோ வங்கி. நீலகிரியில் தமிழக அரசு நிறுவனமான டான்டீயின் தேயிலைத் தோட்டங்களில் வேலை கொடுத்ததும் இவர்களுக்காகவே.

அகதி என்பதற்கு ஐ.நா.வின் 1951 அகதிகள் உடன்படிக்கை தரும் பொருள் குறுகலானது. இனம், மதம், தேசியம், ஒரு சமூகப் பிரிவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து – இந்த ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தில் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவரே அகதி. அந்தக் கோரிக்கை முடிவாகும்வரை அவர் புகலிடம் கோருபவர். எல்லை தாண்டாமல் ஊர் விட்டு ஊர் ஓடியவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். எந்த நாடும் தன் குடிமகன் என்று ஏற்காதவர் நாடற்றவர். 1951 உடன்படிக்கையிலும் அதன் 1967 நெறிமுறையிலும் இந்தியா சேரவில்லை. ஆகவே 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குச் சட்டம் தரும் அகதித் தகுதி இங்கே கிடையாது. அரசு ஆணைகளின் பேரில்தான் உதவித்தொகையும் வீடும். 2021இல் தமிழக அரசு முகாம்களின் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. குடியுரிமை அதனால் மாறவில்லை.

பிறந்த தேதியைப் பாருங்கள். 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். (வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் உண்டு.) 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்கு இந்த அடிப்படையில் பாஸ்போர்ட் தரும்படி 2022இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. 1.7.1987 முதல் 2.12.2004 வரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதற்குப் பின் இன்னும் கடுமை. தாய் தகப்பன் இருவரும் முகாம்வாசிகள் என்றால், இங்கேயே பிறந்து இங்கேயே படித்த பிள்ளைக்கும் குடியுரிமை இல்லை. இது சீக்கிரம் தீர்க்கப்பட வேண்டிய அநீதி என்றே கருதுகிறோம்.

உங்கள் வீட்டில் இருக்கும் ரங்கூன் பயணச்சான்று, கப்பல் சீட்டு, மறுவாழ்வு அட்டை எதையும் லேமினேட் செய்யாதீர்கள். ஸ்கேன் எடுத்துவைத்து, மூலத்தைக் காகித உறையில் வையுங்கள்.

மகன் ஒன்பதாவது வரை படித்தவன். மலேசியாவுக்கு ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். இல்லையென்றால் சிங்கப்பூர் என்கிறார். நம்பலாமா?
– வாசகி, புதுவயல்

மலேசியா யோசனையை இன்றோடு விடுங்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் ‘எமிக்ரேஷன் செக் ரிக்வயர்டு’ என்று இருக்கும். சுருக்கமாக இ.சி.ஆர். வேலைக்காக 18 நாடுகளுக்குப் போகும்போது இவர்கள் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி முன்அனுமதி பெற வேண்டும். மலேசியா, வளைகுடா நாடுகள் ஆறும், தாய்லாந்து, இந்தோனேசியா, ஈராக், ஜோர்டான் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அனுமதி ‘இ-மைக்ரேட்’ இணையதளம் வழியாகத்தான். வேலை விசா, முதலாளி கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தம், பிரவாசி பாரதிய பீமா காப்பீடு மூன்றும் இருக்க வேண்டும். காப்பீடு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம்.

விசிட் விசாவில் அனுப்புவது இந்த மூன்றையும் தாண்டிப்போகத்தான். அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே மகன் விசா நிபந்தனையை மீறியவர் ஆகிவிடுவார். சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கப் பயப்படுவார், முதலாளிக்கும் அது தெரியும். இப்படிப்பட்ட நிலையில் இருப்பவரைச் சட்டவிரோதி என்று சொல்லாமல் ஆவணமற்ற தொழிலாளி என்றே குறிக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1975இலேயே கேட்டுக்கொண்டது. செய்த வேலைக்குக் கூலி கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு என்பதுதான் அதன் பொருள்.

ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேட்டு இ-மைக்ரேட் பட்டியலில் நீங்களே பாருங்கள். பதிவு பெற்றவர் இப்போதைய விதிப்படி 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீதோடு. ‘சப் ஏஜென்ட்’ என்று ஒன்று சட்டத்தில் இல்லை. ரசீது கேட்டதும் குரல் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. முதலில் அங்கே பதியுங்கள்.

சிங்கப்பூர் அந்த 18இல் இல்லை. முன்அனுமதி வேண்டாம் என்பது வசதி. கிளம்புமுன் யாரும் ஒப்பந்தத்தைப் பார்க்கமாட்டார்கள் என்பது அதன் மறுபக்கம். அங்கே நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது ‘ஐ.பி.ஏ.’ என்ற முன்ஒப்புதல் கடிதம். சிங்கப்பூர் மனிதவள அமைச்சகம் தருவது. விமானம் ஏறுமுன் தொழிலாளிக்கு அவர் மொழியிலேயே கிடைக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன சம்பளத்துக்கு மதிப்பில்லை, கடிதத்தில் உள்ளதுதான் சம்பளம். அங்கே உரிமம் பெற்ற ஏஜென்சி தொழிலாளியிடம் ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் வீதம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். கடிதத்தின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாதம் 80,000, டிக்கெட் இலவசம். தம்பி பி.இ. முடித்தவன். போகலாமா?
– வாசகர், திருப்பத்தூர்

கூடாது. இதே வாசகங்களோடு பாங்காக் போன தமிழ் இளைஞர்கள் 2022 முதல் மோய் ஆற்றைத் தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, இலக்கு முடிக்காவிட்டால் அடி.

பணம் வாங்கிக்கொண்டு ஒருவரைக் கள்ளத்தனமாக எல்லை தாண்ட வைப்பது ஒரு குற்றம். ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுபோய்ச் சுரண்டுவது ஆட்கடத்தல், அது வேறு குற்றம். ஐ.நா.வின் 2000ஆம் ஆண்டு நெறிமுறை மூன்று கூறுகளைக் கேட்கிறது: ஆளைச் சேர்ப்பது அல்லது கொண்டுபோவது, அதற்கு ஏமாற்றல், பலவந்தம் போன்ற வழி, நோக்கம் சுரண்டல். தொடக்கத்தில் அவர் சம்மதித்துத்தான் கிளம்பினார் என்பது ஏமாற்றியவனைக் காப்பாற்றாது. குழந்தை என்றால் வழியை நிரூபிக்கவே தேவையில்லை. மீண்டு வந்தவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் பாதிக்கப்பட்டவராகப் பார்க்கச் சொல்ல இந்த வேறுபாடு உதவும். புகார் எழுதும்போது மூன்றையும் வரிசையாக எழுதுங்கள்.

தாய்லாந்து இ.சி.ஆர். பட்டியலில் உள்ள நாடுதான். ஆனால் பட்டதாரிக்கு அந்தச் சோதனையே கிடையாது. படித்தவன் ஏமாறமாட்டான் என்ற நினைப்பில் எழுதிய விதி, இன்றைக்குப் படித்தவனைத்தான் கைவிட்டிருக்கிறது.

உண்டியலில் பணம் அனுப்பினால் தப்பா? அந்தக் காலத்தில் இங்கே எல்லாரும் உண்டியல்தானே?
– வாசகர், கோட்டையூர்

அந்த உண்டியல் கடைக் கணக்கில் ஏறி, கையெழுத்தோடு வந்த பத்திரம். வங்கி வழியாக நாடு தாண்டாமல் இடைத்தரகர் மூலம் கைமாறும் இன்றைய உண்டியலுக்குத் தாளும் இல்லை, தடயமும் இல்லை. அந்நியச் செலாவணிச் சட்டப்படி விதிமீறல். அபராதம் தொகையின் மூன்று மடங்கு வரை. இன்னொரு ஆபத்து, உங்கள் அம்மா கணக்கில் வந்து விழும் தொகை யாரோ ஒருவரிடம் மோசடியாகப் பறித்ததாக இருக்கலாம். போலீஸ் கணக்கை முடக்கினால் மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

சட்டப்பூர்வ வழியில் செலவைக் கணக்கிடும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். சந்தை விலை சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) 65 ரூபாய், நிறுவனம் தருவது 64.20 என்று வைத்துக்கொள்வோம். 1,000 வெள்ளிக்கு 800 ரூபாய் அங்கேயே போயிற்று. கட்டணம் 5 வெள்ளி என்றால் 325. மொத்தம் 1,125 ரூபாய், அதாவது 1.7 சதவீதம். ‘கட்டணமே இல்லை’ என்று விளம்பரம் செய்பவர் பெரும்பாலும் விலையில் எடுத்துக்கொள்வார். 2023 பிப்ரவரி முதல் சிங்கப்பூரின் உடனடிப் பணப்பரிமாற்ற முறையான பேநவ்வும் நம் யு.பி.ஐ.யும் இணைக்கப்பட்டிருக்கின்றன. சிறு தொகைக்கு அதைப் பாருங்கள்.

மகன் சிங்கப்பூரில் வேலை, மகள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டாள். வயலை மகளுக்குச் செட்டில்மென்ட் எழுதவும், பொது வீட்டில் எங்கள் புள்ளிக்குரிய (எங்கள் குடும்பத்துக்குரிய) பங்கை மாற்றவும் நினைக்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், பள்ளத்தூர்

மகன் இந்தியக் குடிமகன், வெளிநாடுவாழ் இந்தியர். மகள் இந்தியக் குடிமகள் அல்ல. அமெரிக்கக் குடியுரிமை ஏற்ற அன்றே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்கி, வேறு நாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குரிய ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது ஆயுள்கால விசா போன்றது. இரட்டைக் குடியுரிமை அல்ல. மகன் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்திருந்தால் ஊருக்கு வந்து ஓட்டுப் போடலாம், மகளால் முடியாது.

வயலை இருவருமே விலைக்கு வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. உடனே உரிமை மாறும் செட்டில்மென்ட் தானக் கணக்கில்தான் வரும், ஆகவே அந்தப் பத்திரம் எழுதாதீர்கள். வாரிசாக வருவதற்குத் தடையில்லை, உயில் எழுதுங்கள். பின்னால் மகள் அதை விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்கலாம். வீட்டுப் பங்குக்கு இந்தத் தடை இல்லை.

மகனின் வங்கிக் கணக்கையும் பாருங்கள். வேலைக்குப் போனதுமே பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. என்ற வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்ற வேண்டும். ஊர் வாடகை, குத்தகை அதில் வரும். வட்டிக்கு வரி உண்டு. சிங்கப்பூர்ச் சம்பளத்தை என்.ஆர்.இ. என்ற இன்னொரு வகைக் கணக்கில் போட்டால் வட்டிக்கு இங்கே வரி இல்லை, எப்போது வேண்டுமானாலும் திருப்பி அனுப்பலாம். வருமான வரிக்கு நாள் கணக்கு தனி. வேலைக்காக ஜூலை முதல் தேதி கிளம்பியவர் அந்த நிதியாண்டில் இங்கே 182 நாள் இருந்திருக்கமாட்டார், வெளிநாடுவாழ்வோர். டிசம்பரில் கிளம்பியவர் வங்கிக்கு அன்றே வெளிநாட்டுக்காரர், வருமான வரிக்கு மார்ச் வரை உள்ளூர்க்காரர். அந்த நான்கு மாதச் சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டும். இதை விட்டுவிட்டு நோட்டீஸ் வாங்குபவர்கள் நிறைய.

பொது வீட்டில் பங்காளிகள் பல நாடுகளில் இருந்தால் பவர் பத்திரம்தான் வழி. அங்கேயுள்ள நோட்டரி முன்போ இந்தியத் தூதரகத்திலோ கையெழுத்திட்டு, நோட்டரி முன் என்றால், அப்போஸ்டில் (ஆவணத்துக்கு அந்நாட்டு அரசு தரும் சான்று) உடன்பாட்டில் உள்ள நாட்டில் அந்த முத்திரையும் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். தபால் உறையைத் தூக்கி எறியாதீர்கள், வந்த தேதிக்கு அதுவே சாட்சி. பவரில் வீட்டின் சர்வே எண், கதவு எண், நான்கெல்லை, எந்த அதிகாரம் எதற்கு என்பதெல்லாம் தெளிவாக இருக்கட்டும். ‘எல்லாவற்றையும் செய்ய’ என்று பொதுவாக எழுதி வந்த பவரைச் சார்பதிவாளர் திருப்பினால் மறுபடி தூதரகத்தில் நாள் வாங்க வேண்டியிருக்கும். பதிவு நாளுக்குச் சற்று முன்பாக, பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்ற சான்றையும் வரவழைத்துவிடுங்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் முடிந்துவிடும், வயதானவர்கள் கையெழுத்தை முதலில் வாங்குங்கள்.